முதல் பரிசு வாங்கிய கால்

1931 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். சவரம், குளியல். பழங்கஞ்சி, சுட்ட வற்றல் இரண்டு. ஐந்தே முக்காலுக்கு ஜெபம். அதில் தராசுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். மூன்று பெரிய சீசாக்களில் மருந்து கலக்கி வைத்தேன்: காய்ச்சலுக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வருகிறவர்களுக்கு ஒன்று. மூன்றாவது சீசாதான் எப்போதும் முதலில் காலியாகும். பிறகு பிள்ளைத் தராசின் உறையை எடுத்து, ஐந்து ராத்தல் குண்டை வைத்துப் பார்த்தேன். ஐந்து காட்டியது. பத்தை வைத்தேன். பத்து காட்டியது. மனத்துக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஓய்வு பெற்றவன் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். மருந்து கலக்குவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது சீசாவிலேயே ஒட்டியிருக்கிறது. முப்பது வருஷ கம்பவுண்டர் வேலையில் நான் அவசரத்தில் செய்த தவறுகள் உண்டு, தூக்கக் கலக்கத்தில் செய்தவை உண்டு. ஆனால் நல்ல விழிப்போடு, சுத்தமாக, ஒரு அவுன்சுகூடப் பிசகாமல் செய்த தவறு ஒன்றுதான். அது மேலே என் நாள்குறிப்பிலிருந்து எடுத்து எழுதிய இந்தச் செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் மேற்கே முட்டத்து விளக்குமரம் தெரியும். வடக்கே தென்னையும் மரச்சீனிக் கிழங்கும், தெற்கே கடல். கடற்கரைக்காரர்கள் எல்லாரும் கத்தோலிக்கர். ஆஸ்பத்திரியோ எங்கள் மிஷனுடையது. அவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று நாங்களும், நாங்கள் போவோம் என்று அவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உறுதியாக நம்பினோம். திங்கட்கிழமை வயிற்றுவலி வந்தால் அந்த உறுதி கொஞ்சம் தளரும். ஆனாலும் எங்கள் பதிவேட்டில், பெயருக்கும் வயதுக்கும் நடுவில், ‘சபை’ என்று ஒரு பத்தி அச்சடித்திருந்தார்கள். பேதி மருந்து சபை பார்த்து வேலை செய்ததாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் பத்தி இருந்தது, நான் நிரப்பினேன்.

அன்று பிள்ளைக் கண்காட்சி. டாக்டரம்மா சென்னையில் படிக்கும்போது இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் பரிசு கொடுத்தால், மற்ற தாய்மாரும் பிள்ளைகளை அப்படி வளர்ப்பார்கள் என்பது எண்ணம். கனத்துக்கு ஐம்பது மார்க்கு. தோல், முடி, பல் எல்லாவற்றுக்குமாக முப்பது. குணத்துக்கு இருபது. பிள்ளையின் குணத்தை எப்படி அளப்பது என்று கேட்டேன். “அழாம இருந்தா நல்ல குணம்” என்றார் டாக்டரம்மா. பரிசு கொடுக்க நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீலின் மனைவி காரில் வந்திருந்தார். கனம் பார்ப்பது என் பொறுப்பு.

முப்பத்திரண்டு பிள்ளைகள் வந்தன. மூன்றாவது பிள்ளையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. பார்வைக்குக் குச்சி மாதிரி இருந்தது. முள் அதற்குப் பொருத்தமில்லாத இடத்தில் நின்றது.

“இடுப்புல என்ன?” என்றேன்.

“அரைஞாணு” என்றாள் தாய்.

“அரைஞாண் இவ்வளவு தடியா?”

“வெள்ளியாக்கும்.”

அவிழ்த்தேன். துணியில் சுற்றி ஆறு வலைமணிகள். வலையைக் கடலுக்குள் தாழ்த்துவதற்குக் கட்டுவார்களே, அந்த ஈயக் குண்டுகள்.

“வெள்ளி கறுத்துப் போச்சு போலிருக்கே.”

“கடக்காத்துல்லா கம்பவுண்டரே” என்றாள், கண் இமைக்காமல்.

அவளையும் பிள்ளையையும் வரிசைக்கு வெளியே அனுப்பினேன். இன்னொருத்தி வரும் வழியெல்லாம் பிள்ளைக்குத் தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம், புகட்டிக்கொண்டு வந்திருந்தாள். வயிறு தவில் மாதிரி இருந்தது. மூன்றாவது ஒருத்தி பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும் சாக்கில் தட்டின் ஓரத்தில் சுண்டுவிரலை ஊன்றினாள். மூவரையும் பிடித்தேன். தேர்தலில் கள்ள ஓட்டுப் பிடித்தவன் மாதிரி நெஞ்சு நிமிர்ந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்தோராவது பிள்ளை சூசை. வயது இரண்டு வருஷம் மூன்று மாதம். தாய் செசிலி, தகப்பன் இன்னாசி, கட்டுமரக்காரன். மூன்று பேரைப் பிடித்த வேகத்தில் இவனிடம் அரைஞாண், தாயத்து, கழுத்தில் தொங்கிய புனிதர் சுருபம் எல்லாவற்றையும் கழற்றி, பிறந்த மேனியாகத் தட்டில் வைத்தேன். இருபத்தைந்து ராத்தல் ஆறு அவுன்சு. இரண்டாவது தடவையும் அதேதான். கன்னம் உப்பியிருந்தது. கையும் காலும் பன்னு மாதிரி. தேங்காயெண்ணெய் தேய்த்த தோல் மினுமினுத்தது. முடி மட்டும் அந்தக் கடற்கரையில் யாருக்கும் இல்லாத செம்பட்டை நிறம்.

“அய்யோ, துரைமார் பிள்ளை மாதிரியில்லா இருக்கான்!” என்றார் வக்கீலின் மனைவி. முடிக்கு முழு மார்க்கு.

குணமோ கேட்கவே வேண்டாம். மற்ற பிள்ளைகள் தட்டில் வைத்ததும் ஊரைக் கூட்டின. ஒருவன் தராசுக்கே ஞானஸ்நானம் கொடுத்தான். சூசை படம் பிடிக்க உட்கார்ந்த பிஷப் மாதிரி உட்கார்ந்திருந்தான். அழவில்லை, சிரிக்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. இருபதுக்கு இருபது.

முதல் பரிசு ஒரு பெரிய டின் ஆரோரூட் மாவு. அதன்மேல் உப்பிய கன்னத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படம். டின்னையும் சூசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். மிஷன் பத்திரிகைக்கு ஒரு போட்டோவும் எடுத்தார்கள். பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா வக்கீலின் மனைவியோடு காரில் நாகர்கோவில் போனார். நான் தராசைக் கழுவித் துடைத்து உறை போட்டேன்.

மூன்று மணிக்கு ஒரு மீன்காரி வந்தாள். கிழக்கே வயலூர்களில் மீன் விற்றுவிட்டு வெறும் கடவப் பெட்டியோடு திரும்பும் வழி. விரலில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்தது. காலையில் தராசுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் இவளுடைய மகன். வக்கீல் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்த ஒரே தாயும் இவள்தான். பரிசு கொடுக்கும் முன்பே மீன் விற்கப் போய்விட்டாள். முப்பது வயது இருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தாறு.

நான் விரலுக்கு மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போது செசிலி டின்னை ஒரு இடுப்பிலும் சூசையை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தாள். ஆரோரூட்டை எப்படிக் காய்ச்சுவது என்று கேட்கத்தான் வந்தாளாம். ஊரில் இன்னும் பார்க்காதவர்களுக்கு டின்னைக் காட்டவும் வந்திருக்கலாம்.

“ஏட்டி செசிலி, ஒண்ணாஞ் சம்மானமாமே? துரையை இங்க காட்டு” என்றாள் மீன்காரி.

சூசையின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு விளையாட்டாக, மீனின் வாலைப் பிடிப்பதுபோல, அவன் பாதத்தைப் பிடித்தாள். கட்டைவிரல் கணுக்காலுக்கு மேலே பதிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

கடற்கரையில் மீன் வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைக்குப் பின்னால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. புதிய மீனென்றால் சதை உடனே எழும்பும். நாள்பட்டதென்றால் குழி அப்படியே நிற்கும். அவள் விரல் அதைத் தினமும் நூறு தடவை செய்கிற விரல்.

“கம்பவுண்டரே, இங்க வாரும். இது எழும்பல்லியே.”

“எது?”

“குழி.”

போய்ப் பார்த்தேன். காலில் அவள் விரல் வைத்த இடத்தில் ஒரு குழி இருந்தது. பத்து வரை எண்ணினேன். குழி இருந்தது.

“கொழுத்த பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். புத்தகத்துல போட்டிருக்கு” என்றேன். எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே ஒன்றை உண்டாக்கியிருப்பேன்.

“கையைக் காட்டும்” என்றாள். என் முழங்கைக்குக் கீழே பிடித்து அழுத்தினாள். நல்ல வலி. விரலை எடுத்ததும் சதை எழும்பிவிட்டது. “பாரும், நாப்பது அம்பது வயசு மீனே எழும்புது. ரெண்டு வயசு மீனு எழும்பாதா?”

செசிலிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒனக்க பயலுக்குச் சம்மானம் கெடைக்கல்லண்ணு எனக்க பிள்ளைக்குக் கண்ணு வைக்கியா?”

“எனக்க பய தராசுலே மோண்டதுக்கு யாரு சம்மானம் தருவா? நான் கண்ணு வைக்கல்ல மக்கா. வெரலுதான் வச்சேன்.”

தம்பிமாரே, இதற்கு முன் நான் வீங்கிய கால்களைப் பார்க்காதவன் அல்ல. நெஞ்சுநோய்க் கிழவர்களின் காலை எத்தனையோ தடவை அழுத்திப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் காலை அழுத்த வேண்டுமென்று தோன்றவே இல்லை. பிள்ளையிடம் எனக்கு ஒரு எண் இருந்தது. எண் கிடைத்தபின் நான் காலைத் தேடவில்லை. மூன்று பேரின் ஈயத்தையும் வெள்ளத்தையும் விரலையும் பிடித்தவன், பிள்ளையின் தோலுக்குள்ளேயே இருந்த வெள்ளத்தை அவுன்சுக் கணக்கில் எடை போட்டு, ஐம்பதுக்கு ஐம்பது கொடுத்திருந்தேன்.

எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தொடை இடுக்கில் தோல் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. செம்பட்டை முடியை லேசாகத் தொட்டேன். ஒரு கொத்து விரலோடு வந்தது. அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. நல்ல குணம் என்று நாங்கள் மார்க்குப் போட்டது அதற்குத்தான்: அழுவதற்கு அவனிடம் தெம்பு இல்லை.

“என்ன குடுக்கிறே சாப்பிட?” என்று செசிலியைக் கேட்டேன்.

“காலத்த மரச்சீனி. உச்சைக்கும் மரச்சீனி. அந்திக்குக் கஞ்சி வெள்ளம்.”

“பாலு?”

“ஆறு மாசமா நிறுத்தியாச்சு. வயித்துல அடுத்ததுல்லா கெடக்கு.”

“மீன்?”

அவள் என்னைப் பைத்தியக்காரனைப்போலப் பார்த்தாள். “கொச்சுப் பிள்ளைக்கு மீனா? மாந்தம் வருமே!”

மாந்தம் என்றால் வயிறு கெட்டு, பிள்ளை வாடிப்போவது. கரை முழுக்க இதுதான் வழக்கம். மீன் கிழக்கே விற்பனைக்குப் போகும். மிச்சம் கடலுக்குப் போகும் ஆண்களுக்கு. சின்னப் பிள்ளைக்கு மீன் ஆகாது. அலைச் சத்தத்தில் தூங்கி, மீன் வாசத்தில் எழுந்து, மூன்று வயது வரை ஒரு நெத்தோலியின் ருசிகூடத் தெரியாமல் அவர்கள் வளர்ந்தார்கள். வளராமலும் இருந்தார்கள். வெறும் மாவு தின்று வீங்கிய பிள்ளைக்கு நாங்கள் பரிசாகக் கொடுத்தது, ஒரு பெரிய டின் மாவு.

இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஒரு பேதி போதும். முந்தைய வருஷம் அதே கரையில் இரண்டு ‘கொழுத்த’ பிள்ளைகள் ஒரே வாரத்தில் போனதும், நான் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் ‘பேதி’ என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. சூசை மூன்றாவது ஆகலாம் என்று தெரிந்தது.

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாவது சீசாவிலிருந்து, அதாவது ஒன்றும் இல்லாதவர்களுக்கான சீசாவிலிருந்து, நாலு அவுன்சு ஊற்றிக் கொடுத்தேன். “அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இருக்கும்போது வா” என்றேன். டாக்டரம்மா ஊரில் இல்லை. போட்டோ எடுத்தாயிற்று. வக்கீலின் மனைவி நாகர்கோவில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பரிசு கொடுத்த மூன்று மணி நேரத்தில் அது நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செசிலி போனபின்னும் மீன்காரி போகவில்லை. கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வேய், செவ்வாய்க்கிழமைண்ணா எத்தனை நாளு?”

“ஏழு.”

“எழும்பாத மீனை ஏழு நாளு வச்சிருந்து நீரு தின்னுவீரா?”

நான் மூன்றாவது சீசாவுக்குத் தக்கையை அடைத்தேன்.

“எனக்க மூத்ததும் இப்படித்தான் வீங்கிச்சு” என்றாள், வேறு யாரோ வீட்டுக் கதையைச் சொல்வதுபோல. “ராசா மாதிரி இருக்காண்ணு எல்லாரும் சொன்னா. நானும் நம்புனேன். ராசா எட்டு நாளுல போனாரு. ரெண்டாவதுக்குப் பாலு நிறுத்தினதும் மீனு வேவிச்சுப் பிசைஞ்சு குடுத்தேன். கதவைச் சாத்திக்கிட்டு. மாந்தமும் வரல்ல, மண்ணாங்கட்டியும் வரல்ல. அந்தப் பய மோள்ற வேகத்தைத்தான் நீரு பாத்தீரே.”

ஐந்தே காலுக்கு ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இன்னாசி குடிசைக்கு முன்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உள்ளே, அந்தோணியார் படத்துக்குக் கீழே ஆரோரூட் டின்னை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டாவது டின் கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம்.

“இன்னாசி, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல” என்றேன்.

“காலத்த சம்மானம் தந்தது யாரு?”

“நாங்கதான்.”

“இப்போ தீனமுண்ணு சொல்லியது?”

“நான்தான்.”

“ரெண்டுல எது பொய்?”

செசிலி வாசலில் பிள்ளையோடு நின்றாள். நான் நாற்பத்தாறு வயது வரை எண்களில் பொய் சொல்லாதவன். அந்தக் காலையிலும் எண்ணில் பொய் இல்லை. இதையெல்லாம் விளக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

“சம்மானம் பொய்” என்றேன்.

“ஊரு சிரிக்குமே கம்பவுண்டரே.”

“என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்.”

“அது எப்பவும் உள்ளதுதான்” என்றான் இன்னாசி. கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் மடியில் கிடந்த வலையில் ஈயமணிகள் இருந்தன. ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். “காலையில ஒருத்தி இதைப் பிள்ளை இடுப்புல கட்டிக்கொண்டு வந்தா. கண்டுபிடிச்சு அவுத்துட்டேன். உன் பிள்ளைக்கு இது காலுக்குள்ள இருக்கு. அதை நான் கண்டுபிடிக்கல்ல. உன் விரலை வச்சுப் பாரு.”

அவன் எழுந்து போய் மகனின் காலைப் பிடித்தான். அழுத்தினான். குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மற்றக் காலில் அழுத்தினான். மீன் பிடிக்கிறவனுக்கு நான் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“மருந்து?” என்றான்.

“மீன்.”

கூட்டத்தில் பெரிய இரைச்சல். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மாந்தத்தைப் பற்றிப் பேசினார்கள். “மீனு குடுத்துக் கொல்லவா வந்தீரு?” என்றாள் செசிலி. காலையில் கைதட்டல் வாங்கியவள் அவள்தான். இன்னாசி கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினான்.

“குடுத்து மாந்தம் வந்தா?”

“ஒவ்வொரு நாளும் காலையில நானே வந்து, முதல் வாய் என் கையால குடுக்கிறேன். வந்தா என் கைதான் காரணம்.”

“வந்தா ஒம்மைக் கட்டுமரத்துல கட்டிக் கொண்டுபோயி நடுக்கடல்லே விடுவேன்.”

“சரி.”

“நீந்துவீரா?”

“தெரியாது.”

“அப்ப காரியம் உறுதியாச்சு” என்றான்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவித்த மீனை முள் நீக்கி, கஞ்சியோடு பிசைந்து, முதல் நாள் இரண்டு விரல்நுனி அளவு கொடுத்தோம். இரண்டாம் நாள் நாலு. அவித்த சிறுபயறு, பக்கத்து வீட்டு ஆட்டுப்பால் கொஞ்சம். மாந்தம் வரவில்லை. ஆனால் கனம் இறங்க ஆரம்பித்தது. வீங்கின வெள்ளம் வடிந்தால் கனம் குறையும் என்பது எனக்குத் தெரியும், கரைக்குத் தெரியாது. பதினேழாம் தேதி இருபத்துமூன்று ராத்தல். மூன்றாம் வாரம் இருபது ராத்தல் இரண்டு அவுன்சு. கன்னம் ஒட்டி, விலா எலும்பு எண்ணும்படி ஆகிவிட்டது. “கம்பவுண்டரு சம்மானத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டாரு” என்று கிணற்றடியில் பேசினார்கள். இன்னாசி தினமும் நான் வரும்போது கட்டுமரத்தின் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருப்பான், வேண்டுமென்றேதான். மீனை நிறுத்திவிடலாமா என்று ஒரு காலையில் எனக்கே கை தயங்கியது. தராசு பிள்ளை போய்க்கொண்டிருக்கிறான் என்றது. கட்டைவிரலோ குழி இல்லை என்றது. விரலை நம்பினேன், சந்தோஷமாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன்.

மார்ச் ஐந்தாம் தேதி காலை வழக்கம்போல வாயில் மீன் வைத்தேன். சூசை மீனை விழுங்கிவிட்டு என் விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது. நான் கத்தினேன். அவனும் பயந்து அலறினான். பிறந்து இரண்டு வருஷம் மூன்று மாதத்தில் நானும் டாக்டரம்மாவும் இருபதுக்கு இருபது கொடுத்த அந்தக் குணம் அன்றோடு போயிற்று. செசிலி ஓடிவந்து, அவன் அலறுவதைப் பார்த்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். இன்னாசி கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தான். அடுத்த வாரத்திலிருந்து தராசும் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

டாக்டரம்மா முதலில் என்மேல் கோபப்பட்டார். பிறகு மார்க்குத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த வருஷம் அழுகிற பிள்ளைக்கு மார்க்குப் போடுவோம்” என்றார். போட்டார்கள். சூசைக்குப் பரிசு இல்லை. ஆனால் வக்கீலின் மனைவியை மடியில் உட்கார்ந்தபடியே உதைத்ததற்கு முழு மார்க்கு வாங்கினான். ஆரோரூட்டைத் திருப்பிக் கொடுக்க செசிலி மறுத்துவிட்டாள். மாவு கோயில் பீடத்துணிக்குக் கஞ்சி போடப் போயிற்று. அந்த ஈஸ்டருக்குப் பீடத்துணி பலகை மாதிரி விறைத்து நின்றதாகக் கேள்வி. டின் படத்துக்காக வீட்டிலேயே இருந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். நாள்குறிப்பில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, காலையில் எடை போட்ட பட்டியலை விளக்கின் முன்னால் விரித்தேன். முப்பத்திரண்டு பெயர். முப்பத்தொரு பிள்ளைகளின் காலை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. அதைவிட ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஈயமணியைக் கட்டிக்கொண்டு வந்தவள் எதற்காகக் கட்டினாள்? தன் பிள்ளை கனம் போதாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளம் புகட்டியவளுக்கும், விரல் ஊன்றியவளுக்கும் தெரிந்திருந்தது. ‘என் பிள்ளை மெலிவு’ என்று அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லாமல் சொன்னவர்கள் அந்த மூன்று பேர்தான். அவர்களைத்தான் நான் முதலில் விரட்டினேன். ஈயத்தைக் கழித்தபின் அந்தப் பிள்ளை என்ன கனம் என்றுகூட நான் எழுதிவைக்கவில்லை. என் பட்டியலில் இருந்த ஒரே வெற்றிடம் அது.

சிவப்பு மையை எடுத்து, பதிவேட்டில் ‘சபை’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, மேலே ‘கால்’ என்று எழுதினேன். பத்தி கனத்துக்கு முன்னால் வருகிறது, வசதியாக இருந்தது. உங்கள் பதிவேடுகளில் இப்போது அந்தப் பத்தி அச்சிலேயே வருவதாகக் கேள்விப்பட்டேன். அதை நிரப்பும்போது ‘சரி’ என்று மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்துவிடாதீர்கள். நானாக இருந்தால் இழுத்திருப்பேன், அதனால்தான் சொல்கிறேன். மறுநாள் யாருடைய காலை முதலில் போய் அழுத்திப் பார்ப்பது என்று பட்டியலில் பெயர்களின் வரிசையை மாற்றி எழுதினேன். முதலில் ஈயமணிக்காரியின் மகள். அடுத்து சூசைக்கு முதல் வாய். பிறகு மற்றவர்கள். எட்டரைக்கு விளக்கை அணைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். சவரத்துக்கும் முன்னால், முதல் வேலையாக, வலது கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டினேன்.